மொட்டைக் கடுதாசி

மொட்டைக் கடுதாசி எழுதுவது நம் ஜனங்களுக்குப் பழகிப்போன கலை. கலியாணத்தைக் கலைக்க, உத்தியோகத்தைக் கெடுக்க, பங்காளியைப் பழிவாங்க என்று, ஒரு தபால் தலைச் செலவில் அது எத்தனையோ காரியங்களைச் சாதித்திருக்கிறது. இடது கையால் எழுத வேண்டும். பக்கத்து ஊர்த் தபால் பெட்டியைத் தேடிப் போக வேண்டும். போகிற வழியில் கோபம் ஆறிப்போய், கடுதாசியைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. கைப்பேசி வந்து அந்தச் சிரமத்தைப் போக்கிவிட்டது. கோபம் ஆறுவதற்கு வழியே இல்லை.

இதன் விளைச்சலைப் பார்க்க, ஒரு விளையாட்டுக்காரர் தோற்ற இரவே தகுந்த நேரம். 2021 அக்டோபர் 24-ஆம் தேதி துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினோரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டம். ஆனால் 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்த முகமது ஷமியின் தலையில் வந்து விழுந்த வசவுகளில் பல, அவருடைய பந்துவீச்சைப் பற்றியவை அல்ல, மதத்தைப் பற்றியவை.

வசவு நமக்குப் புதிதல்ல. எங்கள் திருவேங்கடத்துக் கரிசல் மண்ணில் கபடி நடக்கும்போது கேட்காத வசவா? "ஏலே, சோத்தைத்தானே திங்கே?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வரும். பிடிபட்டவன் மண்ணைத் தட்டிக்கொண்டே, "மாமா, நீங்க வந்து ஒரு தடவை பாடிப் பாருங்க!" என்பான். கூட்டம் சிரிக்கும், மாமாவும் சிரித்துவிடுவார். எல்லை மீறினால் கைகலப்பு. அதுவும் அங்கேயே தீர்ந்துவிடும். 2006-இல் பெர்லினில், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், தம்மைச் சீண்டிய மாத்தராசியின் மார்பில் ஜிடான் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார். செய்தது தப்புத்தான். ஆனாலும் முட்டுவதற்கு அங்கே ஒரு மார்பு இருந்தது. ஷமி யாரை முட்டுவார்? முகம் தெரியாத பத்துப் பேர் வைதால், ஊரே திரண்டு வைவதுபோலக் காதில் விழுகிறது. விஷம் அங்கேதான் இருக்கிறது.

அந்த முகமூடிக்குள் இருப்பது யார்? 2020-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் கொல்கத்தாவிடம் தோற்றபின், தோனியின் 5 வயது மகளைப் பற்றி எழுதவே கூசுகிற ஒரு மிரட்டல் வந்தது. போலீசார் தேடிப் போனபோது அகப்பட்டவன் பெரிய போக்கிரி அல்ல. குஜராத்தைச் சேர்ந்த 16 வயதுப் பையன்.

எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிநேகிதர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2021 ஜூலையில், ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா என்ற மூன்று இங்கிலாந்து இளைஞர்களை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அந்தப் போட்டித் தொடரை ஒட்டித் தான் நிரந்தரமாக நீக்கிய கணக்குகளில் 99 சதவிகிதம், ஆள் இன்னாரென்று அறியக்கூடியவை என்று ட்விட்டர் நிறுவனமே பிறகு தெரிவித்தது. பெயர் இருந்தது, வெட்கந்தான் இல்லை. வெட்கம் என்பது நம் பெயரில் இல்லை, எதிரே நிற்பவன் கண்ணில் இருக்கிறது.

ஷமிக்கு ஆறுதலும் ஒரு முகத்திலிருந்துதான் வந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி விராட் கோலி பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, வைதவர்களுக்கு முதுகெலும்பில்லை என்று சொல்லி, ஷமியின் பக்கம் நின்றார்.

1999 ஜனவரி 31-ஆம் தேதி சேப்பாக்கத்திலும் இதே பாகிஸ்தானிடம்தான் தோற்றோம். டெண்டுல்கர் 136 ரன் அடித்தும், 12 ரன்னில் ஆட்டம் கை நழுவியது. மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குச் சென்னை ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களும் ரசிகர்கள்தான், அவர்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் எதிரே, வியர்வை வழிய, மனுஷர்கள் நடந்து வந்தார்கள்.