என் பெயரிலேயே வைத்த டெஸ்ட்

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. பி.காம். படிச்ச பேங்க்காரனுக்கு லினக்ஸ் எதுக்குன்னு வீட்டில் கேட்கிறாங்க. பாளையங்கோட்டையிலிருந்து வண்டன்மேட்டுக்கு மாற்றலாகி வந்தவனுக்கு மழைக்காலத்து ராத்திரியில் வேறென்ன வேலை, சொல்லுங்க?

ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற நம்மாட்களின் பிள்ளைகளுக்காக நண்பர்கள் சேர்ந்து ஒரு படிப்பறை நடத்துகிறோம். பழைய கம்ப்யூட்டர்கள்தான். எல்லாவற்றிலும் டெபியன் எடு. 2001ல் நார்வேயில் ஸ்கோலிலினக்ஸ் என்று ஆரம்பித்த பள்ளிக்கூட லினக்ஸ் அது. பெயரும் பாஸ்வேர்டும் சர்வரில் இருக்கும். பிள்ளைகள் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் கெர்பரோஸ் சரிபார்த்து உள்ளே விடும். (கிரேக்கக் கதையில் மூணு தலை நாயின் பெயராம். எங்க வாசல் நாய்க்கு ஒரே தலை, அதுவும் தூங்கும் :-))

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு லேப்டாப்பை 'ரோமிங்' வகையில் நிறுவினேன். நெட்வொர்க் இல்லாதபோதும் உள்ளே விடுவது எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற மென்பொருள். அதன் செட்டிங் ஃபைலை நாம் எழுத வேண்டாம். சர்வர் எங்கே என்று டி.என்.எஸ்.ஸில் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும். என் பெயரில் நுழைந்தேன். கேபிளைப் பிடுங்கினேன். ரீஸ்டார்ட் பண்ணினேன். மறுபடி நுழைந்தேன். பாஸ்!

போன ஜூலையில் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. லேப்டாப் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணோடு லயத்துக்குப் போனது. மறுநாள் காலையில் கொட்டுகிற மழையில் அவள் அப்பா, ப்ளாஸ்டிக் பையில் சுற்றிய லேப்டாப்போடு வாசலில் நிற்கிறார். "சார், பாப்பா ஒண்ணும் பண்ணல. பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது. ராத்திரி பூரா அழுதுச்சு. ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?"

தப்பு என்னுடையது. எஸ்.எஸ்.எஸ்.டி. ஒருவரின் பாஸ்வேர்டை ஹேஷாக மாற்றி மெஷினில் வைத்துக்கொள்வது, அவர் சர்வர் தொடர்போடு அந்த மெஷினில் ஒருதடவையாவது நுழைந்த பிறகுதான். நான் நுழைந்திருந்தேன், அவள் நுழையவில்லை. கோர் பேங்கிங் வருமுன், மாதிரிக் கையெழுத்துக் கார்டு இல்லாத கிளையில் போய்ப் பணம் கேட்ட மாதிரிதான். இதைக்கூட யோசிக்காத நான் ஒரு ஆபீசர்!

அவருக்குக் கட்டன் சாயா கொடுத்து, ரிப்பேர் எதுவுமில்லை, பாப்பா மேல் தப்பே இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகத்தில் முழு நம்பிக்கை வரவில்லை. சாயந்திரம் லயத்துக்குப் போய் அவளிடமும் சொன்னேன்.

இப்போது லேப்டாப் வாங்கும் பிள்ளை என் முன்னால் தன் பெயரில் நுழைய வேண்டும், கேபிளைப் பிடுங்கி ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி நுழைய வேண்டும். பிடுங்குவதற்குத்தான் அவர்களுக்குள் போட்டி. இதுவரை இரண்டு கேபிள் போச்சு.