எத்தனை பவுன், யார் பெயரில்?

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால் பணக்கணக்கு தானே வந்துவிடும். மாப்பிள்ளை வீடு தரும் ஹந்தாரான் பணம் எவ்வளவு என்று மலாய்த் தோழி கூச்சமில்லாமல் சொல்வாள். மாப்பிள்ளை வீட்டுப் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்ததைச் சீனத் தோழி சொல்வாள். தமிழர் மட்டும் "நாங்க எதுவும் கேக்கலைங்க" என்போம். பெண் கழுத்தில் ஏறிய பவுன் எத்தனை என்பதோ உறவுக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

பணம் ஏன் ஓரிடத்தில் இப்படியும் வேறிடத்தில் அப்படியும் போகிறது? பெண்கள் நிலத்தில் மிகுதியாக உழைக்கும் சமூகங்களில் மாப்பிள்ளை வீடு கொடுக்கிறது, ஏர் உழவு ஆண் கைக்குப் போன இடங்களில் பெண் வீடு கொடுக்கிறது என்றார் பொருளியலாளர் எஸ்தர் போசரப், 1970இல். மானிடவியலாளர்கள் ஜாக் கூடியும் இலங்கைத் தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையாவும் 1973இல் சேர்ந்து எழுதிய நூல் பணத்தின் போக்கைப் பார்த்தது. ஆப்பிரிக்காவில் மாப்பிள்ளை வீடு தருவது, பெண்ணின் அண்ணன் தம்பிக்குப் பெண் எடுக்கப் பயன்பட்டு ஊருக்குள் சுற்றும். பெண் வீடு தருவதோ மகளுக்கு முன்கூட்டியே பிரித்துத் தரும் சொத்து.

யாழ்ப்பாணத்தில் இது சட்டமாகவே இருந்தது. டச்சுக்காரர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைப்படி, சீதனம் பெற்ற மகள் பெற்றோர் சொத்தில் மேலும் பங்கு கேட்க முடியாது. அந்த மண்ணிலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர்களுக்கு மலாயாச் சம்பளமும் பென்ஷனும் இருந்தன. அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு ஊரில் சீதனம் கூடியது. மகளின் பங்காக இருந்தது மாப்பிள்ளை உத்தியோகத்தின் விலையாகவும் ஆயிற்று.

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்குத் தாத்தா வீட்டார்தான் பரிசம் போட்டார்கள். கூலி வாங்கும் பெண்ணுக்குப் பரிசம் என்பது போசரப்பின் கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆனால் பாட்டியைவிடப் பல மடங்கு சம்பாதிக்கும் பேத்திகளுக்கு இன்று பெண் வீடே பவுன் போடுகிறது. உழைப்பை வைத்துச் சொன்ன விளக்கம் இங்கே போதாது. குடும்ப கௌரவம் சம்பளச் சீட்டைப் பார்த்து நடப்பதில்லை.

அதனால் யார் கொடுப்பது என்பதைவிட, கல்யாணத்துக்கு மறுநாள் அது யாருடையது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. முஸ்லிம் மணமகன் மணப்பெண்ணுக்குக் கட்டாயம் தர வேண்டிய மாஸ் காவின் சிலாங்கூரில் 300 வெள்ளிதான். ஆனால் அது மணப்பெண்ணுடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. நாம் போடும் பவுன் இருக்கும் பெட்டகத்தின் சாவி மாமியாரிடம் இருந்தால், அதைச் சீதனம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. மகளை ஏற்றுக்கொள்வதற்குக் கட்டிய கட்டணம் அது.