மேல்பிரிவுக்கு முந்திய அந்த ஓர் ஆண்டு



தமிழாசிரியர் காற்பந்தைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் வியக்கலாம். ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை தேடியபோது, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் காற்பந்துக் கழகம் ஒன்றின் வரலாறு எனக்குத் துணைக்கு வந்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அக்கேள்வி இதுதான்: "ஐயா, எப்படியும் அடுத்த ஆண்டு பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போகத்தானே போகிறான்? இனி இங்கே என்ன இருக்கிறது?" யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து பள்ளி விடுமுறை வரை இக்கேள்வி எழும். 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்ட பிறகு ஆண்டின் தொடக்கத்திலேயே எழத் தொடங்கிவிட்டது. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட ஓர் ஆண்டில் உழைப்பதற்கு என்ன பொருள்? எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் காற்பந்துக் குழு ஒன்று கீழ்ப்பிரிவிலிருந்து மேல்பிரிவுக்குச் செல்ல வேண்டுமானால் புள்ளிப் பட்டியலில் முன்னணியில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே மேஜர் லீக் சாக்கர் என்னும் முதல்நிலை லீக்கில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. உரிமையாளர்கள் விண்ணப்பிக்க வேண்டும். பெருந்தொகையை நுழைவுக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். லீக் ஒப்புக்கொண்டால் குறித்த ஆண்டில் சேரலாம். கீழ்ப்பிரிவில் வாகை சூடினாலும் கடைசி இடத்தில் முடிந்தாலும் அந்த முடிவு மாறாது.

சியாட்டில் சவுண்டர்ஸ் கழகத்திற்கு நேர்ந்தது இதுவே. பியூஜெட் சவுண்ட் என்னும் நீர்ப்பரப்பின் கரையில் அமைந்த நகரம் சியாட்டில். அதனால் 1974ஆம் ஆண்டில் தோன்றிய முதல் குழுவுக்குச் 'சவுண்டர்ஸ்' என்று பெயரிட்டனர். அக்குழு 1983இல் கலைந்தது. 1994இல் அதே பெயரில் புதிய குழு ஒன்று எழுந்து, கீழ்ப்பிரிவு லீக்கில் 1995, 1996, 2005, 2007 ஆகிய நான்கு ஆண்டுகளில் வாகை சூடியது. 2007 செப்டம்பரில் நடந்த இறுதியாட்டத்தில் அட்லாண்டா சில்வர்பேக்ஸ் குழுவை 4-0 என வென்றது. அடுத்த சில வாரங்களில், நவம்பர் 13ஆம் நாள், சியாட்டிலுக்கு மேல்பிரிவில் இடம் கிடைத்த செய்தி அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் 30 மில்லியன் அமெரிக்க டாலர். சேரும் ஆண்டு 2009.

இடையில் 2008 என்னும் ஓர் ஆண்டு மிஞ்சியிருந்தது.

அவ்வாண்டில் திடலில் இறங்கிய ஆட்டக்காரர்களின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கழகம் மேலே போகிறது. ஆனால் 'நான் போவேனா?' என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது. புதிய முதலாளிகளும் புதிய ஆட்டக்காரர்களும் வரப்போகிறார்கள். பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மே மாதத்தில் பிரெஞ்சு நாட்டு ஆட்டக்காரர் செபாஸ்டியன் லெ தூ ஒப்பந்தமானார்; முந்திய ஆண்டு அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர் அவர். ஆகஸ்டில், அமெரிக்கத் தேசியக் குழுவின் புகழ்பெற்ற கோல்காவலர் கேசி கெல்லர் வந்து சேர்ந்தார். பழைய ஆட்டக்காரர்களோ அண்டை ஊரான டக்வில்லாவில் உள்ள ஸ்டார்ஃபயர் என்னும் சிறு திடலில் சில ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தனர்.

அந்தக் கடைசிப் பருவம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கதாக அமைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. முந்திய ஆண்டின் வாகையர் 2008இல் பட்டியலின் நடுவில் முடிந்தனர். விலக்குச் சுற்றின் தொடக்கத்திலேயே மொன்ட்ரியால் இம்பாக்ட் குழுவிடம் தோற்று வெளியேறினர். அமெரிக்கத் திறந்த கிண்ணப் போட்டியில் மட்டும் அரையிறுதி வரை முன்னேறி, சார்ல்ஸ்டன் பேட்டரி குழுவிடம் வீழ்ந்தனர். நடுத்தரமான ஓர் ஆண்டு, அவ்வளவே. ஆயினும் அவ்வாண்டை வீண் என்று சொல்ல என்னால் இயலவில்லை. மேலே போகும்போது எதை எடுத்துச் செல்வது என்பது அந்த ஆண்டில்தான் முடிவாயிற்று.

முதலாவது, பெயர். மேல்பிரிவுக் குழுவுக்குப் புதுப்பெயர் சூட்டப் புதிய நிருவாகம் விரும்பியது. மக்களின் வாக்குக்கு மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டன: சியாட்டில் எஃப்.சி., சியாட்டில் ரிபப்ளிக், சியாட்டில் அலயன்ஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரார் நாவில் புழங்கிய 'சவுண்டர்ஸ்' அப்பட்டியலில் இல்லை! இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். விரும்பிய பெயரை வாக்காளர் தாமே எழுதிச் சேர்க்க வழி பிறந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 'சவுண்டர்ஸ்' என்று தம் கைப்பட எழுதினர். 2008 ஏப்ரலில் நிருவாகம் பணிந்தது. பட்டியலில் இல்லாத பெயர், கேட்டவர்கள் இருந்ததால் மேலே சென்றது.

இவ்விடத்தில் நம் பெற்றோர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழ் பயின்ற பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது, தமிழ்மொழி தானாக அவனைப் பின்தொடர்ந்து வருவதில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நடைமுறைக்கு இயலும் வகையில் அப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். கேட்காவிட்டால்? கால அட்டவணையில் தமிழ் இல்லாததைக் கண்டு, "இங்கே தமிழ் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சியாட்டில் மக்கள் அச்சிட்ட மூன்று பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தால், அப்பெயர் 2008ஆம் ஆண்டோடு முடிந்திருக்கும். ஆறாம் ஆண்டின் இறுதி மாதங்கள் நமக்கு வாய்த்த வாக்குச்சீட்டு. எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் செல்கிறார்கள், அங்கே தமிழ் உண்டா, இல்லையெனில் எத்தனை பெற்றோர் ஒன்றுசேர முடியும் என்று பேசி வைக்க வேண்டிய காலம் அதுவே. ஜனவரி, பிப்ரவரி என்று பள்ளி தொடங்கும் வரை காத்திருந்து, பிறகு ஆளுக்கொரு திசையில் அலைவதில் பயனில்லை.

இரண்டாவது, மனிதர்கள். 2002 முதல் 2008 வரை அக்குழுவுக்குப் பயிற்றுநராக இருந்தவர் பிரையன் ஷ்மெட்சர். சியாட்டில் மண்ணின் மைந்தர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அவருடைய தந்தை அவ்வூரில் விளையாட்டுப் பொருள் கடை நடத்தியவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பழைய சவுண்டர்ஸ் குழுவில் ஆடியவர் ஷ்மெட்சர். பயிற்றுநராக 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் வாகையும் பெற்றுத் தந்தவர். ஆயினும் மேல்பிரிவுக்கு ஏறியபோது தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 2008இல் கொலம்பஸ் குழுவை மேல்பிரிவு வாகையராக்கிய சிகி ஷ்மிட் என்பவருக்கு அது சென்றது. ஷ்மெட்சர் துணைப் பயிற்றுநராகத் தொடர ஒப்புக்கொண்டார்.

தாம் கட்டிய வீட்டில் இரண்டாம் இடம்! ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் இருந்து உழைத்தார். 2016 ஜூலையில் குழு பட்டியலின் அடிமட்டத்தை நெருங்கிக் கிடந்தபோது சிகி ஷ்மிட் விலகினார். பொறுப்பு ஷ்மெட்சரிடம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், டொரொண்டோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பினால்டி உதையில் வென்று, சவுண்டர்ஸ் முதன்முறையாக மேல்பிரிவுக் கிண்ணத்தை ஏந்தியது. 2019இல் மீண்டும் கிண்ணம். 2022இல் வட, நடு அமெரிக்க, கரிபியன் வட்டார வாகையர் கிண்ணமும் அவருடைய காலத்திலேயே கிட்டியது.

2016இல் கிண்ணம் வென்ற குழுவில் ஸாக் ஸ்காட் என்னும் தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். 2002இல் கீழ்ப்பிரிவில் சேர்ந்து, 2008இன் கடைசிப் பருவத்தையும் கடந்து, மேல்பிரிவுக்கும் ஏறியவர். வேறு கழகத்துக்கு மாறாமல் 15 பருவங்கள் ஆடிவிட்டு, அந்த வெற்றியோடு ஓய்வு பெற்றார். பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர் அல்லர். புதியவர்கள் வந்துகொண்டே இருந்தபோதும், 'இவரை வைத்துக்கொள்வோம்' என்று ஒவ்வோர் ஆண்டும் பயிற்றுநரை எண்ண வைத்தவர். வகுப்பின் முதல் வரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, அத்தகைய பிள்ளைகளும் கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவதாக லெ தூவின் கதை. இதைப் பெற்றோருக்காகவே சொல்கிறேன். கீழ்ப்பிரிவின் சிறந்த ஆட்டக்காரராகப் புகழப்பட்ட அவர், 2009இல் மேல்பிரிவு லீக் ஆட்டங்களில் அடித்தது ஒரே ஒரு கோல். பருவம் முடிந்ததும் புதிதாகத் தொடங்கவிருந்த பிலடெல்பியா குழு அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள, சியாட்டிலை விட்டுப் பிரிந்தார். 'கீழே ஆடியவனுக்கு மேலே ஆடத் தெரியவில்லை' என்று முடிவு கட்டியிருந்தால்? அடுத்த ஆண்டே பிலடெல்பியாவுக்காக 14 கோல்களை அடித்தார். அங்கே அவருக்குத் திடலில் வேறு இடம் கிடைத்தது. அவரை நம்பி ஆட்டத்தை அமைத்தார்கள்.

தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் முதலாம் படிவத்தில் நாற்பது பேரில் முப்பதாவது இடத்தில் நிற்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அறிவியலும் கணிதமும் அவனுக்குத் தெரியும். மலாய்மொழியில் அவற்றைச் சொல்லத்தான் நாவு எழவில்லை. அந்த முதலாண்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் இப்படி" என்று பிள்ளையின் முன்னாலேயே பேசுவோர் உண்டு. ஓர் ஆண்டில் ஒரு கோல் அடித்தவரின் அடுத்த ஆண்டை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

எல்லாருக்கும் இத்தகைய நல்ல முடிவு வாய்த்ததா எனின், இல்லை. 2008இல் ஆடியவர்களுள் மேல்பிரிவுக்குச் சென்றவர்கள் சிலரே. மற்றவர்கள் வேறு குழுக்களுக்கோ வேறு தொழில்களுக்கோ சென்றனர். காத்திருப்போர் அனைவருக்கும் கிண்ணம் கிடைக்கும் என்று மாணவர்களிடம் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் 2009 மார்ச் 19ஆம் நாள், 32,000 பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில் சவுண்டர்ஸ் தன் முதல் மேல்பிரிவு ஆட்டத்தில் நியூயார்க் குழுவை 3-0 என வென்றபோது, பழைய பெயர் இருந்தது. பழைய பயிற்றுநர் துணை இருக்கையில் இருந்தார். சிறு திடலில் ஆடிய சிலர் அங்கே இருந்தனர். அவர்களைக் கொண்டு சேர்த்தது முடிவு தெரிந்திருந்த அந்த ஆண்டே.

ஆகவே, ஆறாம் ஆண்டு ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதி மாதங்களைப் படம் காட்டியும் திடலில் விட்டும் கழித்துவிட வேண்டாம். பாட நூல் முடிந்திருந்தால், பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு நூலைத் தானாகப் படித்து முடிக்கட்டும். அறிவியல், கணிதக் கலைச்சொற்களைத் தமிழிலும் மலாயிலும் இணைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லட்டும். பெற்றோரே, செல்லவிருக்கும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்று இவ்வாரமே கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் பதினான்கு பெற்றோரைத் தேடுங்கள். அவர்களில் பலர், நாளை காலை பள்ளி வாசலில் உங்கள் அருகிலேயே நிற்பார்கள்.