பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்

திறமை இருந்தால் உலகம் தேடி வரும் என்பது என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன புத்திமதி. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி டக் நிக்கல்ஸின் கதையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில், மர்ரே ஆற்றின் வடகரையில் கமராகுன்ஜா என்ற பழங்குடிக் குடியிருப்பு. நிக்கல்ஸ் அங்கே 1906-இல் பிறந்தார். எட்டு வயதில், அக்காவைப் போலீஸ் வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தார். பழங்குடிப் பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் விடுதிக்கு அனுப்புவது அன்றைய அரசின் வழக்கம். பதின்ம வயதிலேயே வேலைக்கு இறங்கினார். ஆட்டுப் பண்ணையில் ரோமம் கத்தரிக்கும்போது கத்தி தோலில் பட்டுவிடும். கத்தரிப்பவர் குரல் கொடுத்ததும் தார் டப்பாவோடு ஓடிப்போய், ஈ மொய்க்காமல் காயத்தில் தடவ வேண்டும். அந்தப் பையன் வேலைதான் இவருக்கு.

ஓட்டம் ஆட்டத்திலும் கைகொடுத்தது. அவர்கள் ஊர் ஃபுட்பால் வேறு மாதிரி: பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, கையாலும் பிடிக்கலாம். ஐந்தடி இரண்டு அங்குல மனிதர் அந்த ஓங்குதாங்கான ஆட்களுக்கு நடுவே மின்னலாய்ப் புகுந்து வந்தார். கமராகுன்ஜா அணியிலும் பக்கத்து ஊரான டொங்காலாவிலும் ஆடிப் பெயர் வாங்கிய பிறகு, 1927-இல் மெல்போர்னின் கார்ல்டன் கிளப்புக்குப் போனார்.

அங்கே, ஆட்டக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் இவர் உடம்பைத் தொட மாட்டோம் என்றார்கள். நாற்றமடிக்கிறது என்று பேச்சு வேறு. தொட மறுப்பதன் அர்த்தத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கால் வேகம் அங்கே செல்லுபடியாகவில்லை.

ஒரு படி கீழே இருந்த நார்த்கோட் கிளப்பில் சேர்ந்தார். 1929-இல் அந்த அணி கோப்பையை வென்றது. அதே ஆண்டு நையா, வாரக்நபீல் ஊர்களின் ஓட்டப் பந்தயங்களிலும் பரிசு தட்டினார். 1931-இல் ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சுற்றினார். பந்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாத காலம் அது. பெரிய லீகிலேயே ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று 1930-இல் விதி போட்டிருந்தார்கள்.

1932-இல் ஃபிட்ஸ்ராய் கிளப் அழைத்தது. இங்கேயும் உடைமாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாகத்தான் உட்கார்ந்தார். கார்ல்டன் பாடம் மறக்குமா? அணித்தலைவர் ஹேடன் பன்டன் தன் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்து இடத்தில் வைத்தார். மேடைப் பேச்சு கிடையாது, அறிவுரை கிடையாது. முந்தைய ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகப் பிரவுன்லோ பதக்கம் வாங்கிய மனிதரே அங்கே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் முகம் திருப்ப முடியுமா?

பன்டனும் நாட்டுப்புறத்துப் பிள்ளைதான். அதே மர்ரே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஆல்பரி அவர் ஊர். விதியை மீறி ரகசியமாய்ப் பணம் கொடுத்த விவகாரத்தால் 1930 முழுக்க ஃபிட்ஸ்ராய்க்கு ஆட முடியாமல் வெளியே நின்றவர். அந்த அனுபவம்தான் அவரை எழுந்து வரச் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பவனின் வலி அவருக்குப் புதிதல்ல.

ஃபிட்ஸ்ராயில் ஆறு பருவங்கள் ஆடினார் நிக்கல்ஸ். 1935-இல் விக்டோரியா மாநில அணிக்கும் ஆடினார்; அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் பழங்குடியினர் அவர். ஆட்டத்தில் கிடைத்த பெயரை வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. 1938 ஜனவரி 26, வெள்ளையர் குடியேறி 150 ஆண்டு ஆனதென்று சிட்னி கொண்டாடியபோது, அதைத் துக்க நாளாக அறிவித்த பழங்குடிகளின் கூட்டத்தில் எழுந்து பேசினார். பிறகு ஃபிட்ஸ்ராயிலேயே போதகராகி, நகரத்துக்கு வந்து திக்குத் தெரியாமல் நின்ற தம் மக்களுக்கு வீடும் வேலையும் தேடிக்கொடுத்தார்.

1972-இல் சர் பட்டம், 1976-இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர் பதவி. உடல்நலம் கெட்டுச் சில மாதங்களிலேயே அதை விட்டு விலகினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பதவியில்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பன்டனில் தொடங்கலாம்.