மெட்டடார் வேனும் ஒரு ரெக்கார்டு ஷீட்டும்



போன மாதம் எங்கள் வேன் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்விகள். "டீச்சர், இந்தப் பழைய மெட்டடார் எங்கே கிடைத்தது? எவ்வளவு செலவாச்சு? ஸ்பேர் கிடைக்குதா?" தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். ஆனால் வேனைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். மீதிப் பாதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரையெல்லாம் கழற்றிப் பார்ப்பார். மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தால் ஒன்பது பேர். மே மாதம் குற்றாலம் போக வேண்டுமென்றால் இரண்டு கார் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு வண்டியில், நாங்கள் ஒரு வண்டியில். அப்படிப் போவதில் என்ன இருக்கிறது? ஒரு நாள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிற மெட்டடாரைப் பார்த்துவிட்டு வந்தார். 1991 மாடல், வெள்ளை போர்டு. எண்பத்தைந்தாயிரம் பேசி முடித்துவிட்டேன் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பணத்துக்காக இல்லை. மெட்டடார் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு ஆகாது. காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் வண்டியின் வரலாறு. வெளிநாட்டில் வேனுக்குள்ளேயே படுத்துச் சமைத்து ஊர் சுற்றுகிறவர்கள் 1950-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனைக் கொண்டாடுவார்கள். நம் மெட்டடார் அதற்கு ஒரு வகையில் சொந்தக்காரன். 1949-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் டெம்போ கம்பெனி முதல் மெட்டடாரைச் செய்தபோது, அதில் வைத்தது ஃபோக்ஸ்வாகன் இஞ்சின். நம் நாட்டில் 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனி 1969-லிருந்து மெட்டடார் செய்தது. அந்தக் கம்பெனிதான் 2005-லிருந்து ஃபோர்ஸ் மோட்டார்ஸ். எங்கள் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸ் லைசென்ஸில் இங்கேயே செய்த 2.4 லிட்டர் டீசல் இஞ்சின். இதே வம்ச இஞ்சின் டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியதால் இஞ்சின் சாமான்கள் மதுரையில் இன்றும் கிடைக்கின்றன. கதவுப் பிடி, கண்ணாடி ரப்பர், விளக்குக் கிண்ணம்தான் கிடைக்காது. அதற்குப் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு வீட்டுக்காரர் சொல்லச் சொன்ன விஷயங்கள்:

வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் நிற்கிறதா என்று பாருங்கள். நாங்கள் முதலில் கை வைத்தது பிரேக்கில்தான். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், பைப் எல்லாம் புதிது.

ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்து, புது கேஸ்கட் போட்டோம். டீசல் பம்பும் நாசிலும் மதுரைக்குப் போய் வந்தன.

வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஜாயிண்ட் போயிற்று.

பேப்பர் முக்கியம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகத்தான் பதிவு புதுப்பிப்பார்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 'விண்டேஜ்' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2021-ல் வந்த விதிப்படி அந்தப் பட்டத்துக்கு வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். இஷ்டத்துக்கு உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்தவும் கூடாது. ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆகவே சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. ராத்திரி சீட்டுகளுக்கு நடுவே பலகை போட்டு அதன்மேல் மெத்தை விரித்துக்கொள்வோம். காலையில் எடுத்துவிடுவோம். மெத்தை உறையும் திரையும் நானே தைத்தேன். அடுப்பை வெளியே இறக்கி மரத்தடியில் வைத்துத்தான் சமையல். நெருப்போடு பிழைக்கிற மாவட்டத்துக்காரர்கள் நாம். நெருப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி மீதிப் பாதி.

நான் 1984-ல் வேலைக்குச் சேர்ந்தது சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்து ஆரம்பப் பள்ளி. ஊருக்குள்ளேயே வாடகைக்குக் குடியிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. அதற்கு முன்பே ஏஜெண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளை எழுப்பிவிட்டிருப்பார். பாதித் தூக்கத்தில், கையில் தூக்குச்சட்டியோடு வரிசையாக வந்து ஏறுவார்கள். பல வீடுகளில் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள், அனுப்பாமல் இருக்க முடியாது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. இருட்டிய பிறகுதான் அதே வண்டி திரும்பி வரும். எங்கள் ஊருக்கு வந்தது மெட்டடார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பின்பக்கம் அடியில் ஷாஃப்ட் ஓடாது, தளம் தாழ்வாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைகூட யார் கையையும் பிடிக்காமல் தானாக ஏறிக்கொள்ளும். ஜன்னல் வழியாக அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கும் இருந்தது. 1988-ல் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது, சிறப்புப் பள்ளிகள் வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர்கள் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நிலைமை மெல்ல மெல்லத்தான் மாறியது. அதற்குள் என் வகுப்பிலிருந்து எத்தனை பேர் அந்த வண்டியில் ஏறிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேனுக்கு டிங்கரிங் செய்ய வந்தது அப்படிப் போன ஒரு மாணவன்தான். பேர் வேண்டாம். இப்போது நாற்பத்தேழு வயது. பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நின்று பட்டறையில் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் அவன் கை சுத்தத்துக்குப் பேர் உண்டு. சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே வருவான். 'டங்' என்றால் விட்டுவிடுவான். 'சொத்' என்றால் சாக்பீஸால் வட்டம் போடுவான். ஃபுட்போர்டு, சக்கர வளைவு, கூரை ஓரம் என்று மொத்தம் இருபத்து மூன்று வட்டம். "பட்டி வச்சு அப்பிட்டா செலவு கம்மிதான் டீச்சர். ஆனா அடுத்த மழைக்குப் பல்ல இளிச்சிரும். வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைப்போம்" என்றான். அப்படியே செய்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கோபம் தணிந்த பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பெயிண்ட் சுரண்ட உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள். தரையில் தகடு சேரும் இடுக்கிலிருந்து மருந்து முக்காத தீக்குச்சிகள் கொத்துக் கொத்தாக வந்தன. அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு நாள் கழித்து, பக்கவாட்டு மஞ்சளில் சிவப்பு எழுத்து தெரிந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பேர்.

வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். "என்ன போட்டிருக்கு டீச்சர்?"

"இவ்வளவு பெருசா இருக்கு, தெரியலையா? கண்ணாடி போடலையாப்பா?"

சிரித்தான். "மத்தவங்ககிட்ட அப்படித்தான் டீச்சர் சொல்லுவேன், கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்னு. உங்ககிட்ட என்ன. கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் தெரியாது."

"நீ அஞ்சாம் வகுப்பு பாஸ் ஆச்சே?"

"ஆமா டீச்சர். ரெக்கார்டு ஷீட் வீட்டுல பத்திரமா இருக்கு. நீங்க எழுதிக் குடுத்ததுதானே."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். அவன் ஐந்தாம் வகுப்பில் வந்தது மொத்தம் ஒரு மாதம்கூட இருக்காது. ஆனால் வருகைப் பதிவேட்டில் முக்கால்வாசி நாள் வந்ததாக இருக்கும். போட்டது நான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடம் உபரி என்று போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவள் நான், போனால் நான்தான் போக வேண்டும். அப்போது எனக்குக் கைக்குழந்தை. எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவன் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து நாலாவது தெரு. ஒரு நாள்கூடப் போய், "பிள்ளையை அனுப்புங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டால் பதிவேட்டில் நான் போட்டிருப்பது பொய் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்ற பயம். வருஷ முடிவில் 'தேர்ச்சி' என்று ரெக்கார்டு ஷீட் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி ராத்திரியாகத் தெருவிளக்கடியில் பாட்டிமார்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பெருமையாகச் செய்தேன். என் ரெக்கார்டு ஷீட்டை வாங்கிக்கொண்டு எழுத்தில்லாமல் போனவனை நான் நினைக்கவே இல்லை. அவன்தான் பாஸ் ஆயிற்றே!

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தேழு வருஷமாக அவருக்கே தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேலை முடிய இன்னும் மூணு மாசம் ஆகும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனை விடுறேன். நீ பாரு" என்றார்.

அவனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க டீச்சர். நீங்க ஆப்சென்ட் போட்டிருந்தா மட்டும் எங்கய்யா வாங்குன அட்வான்ஸ் அடைஞ்சிருக்குமா?" என்றான். அது எனக்கு ஆறுதலா, இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. படிக்க மட்டும் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. பி.காம். படித்த மகளுக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். கடைசியில், "சரி, பட்டறை ஆளுக பாக்காம" என்றான்.

வேனுக்குள்தான் வகுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு, பிரைமர் அடித்த தகட்டில் சாக்பீஸ். பட்டி, தகடு, டயர், ஆணி. அவனுக்குத் தெரிந்த சாமான்களின் பேரிலிருந்தே எழுத்தை எடுத்தேன். கை உரமேறி சாக்பீஸ் ஒடிந்து ஒடிந்து போகும். 'ண'வும் 'ன'வும் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இரண்டரை மாதம் கழித்து லேத்துக்காரர் தந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, "டீச்சர், இதுல ஹெட் வேலை ரெண்டு தடவை போட்டிருக்கு" என்றான். பார்த்தால் உண்மைதான். எண்ணூறு ரூபாய் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர் அதை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்தச் சிவப்பு எழுத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஒரு ஓரத்தில் அப்படியே விட்டுவைக்கலாம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லலாம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக சந்தோசமா ஏறுற வண்டி டீச்சர். அது எதுக்கு?" சுரண்டி எடுத்து, மேலே இளம்பச்சை அடித்துவிட்டான். ஏறிப் போனவன் அவன், முடிவு சொல்ல வேண்டியவனும் அவன்தான். பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பதைப் படத்தில் பார்த்து, எழுத்து கொஞ்சம் கோணல் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள். எழுதியது அவன். நான் திருத்தவில்லை.

வாங்கியது போக எங்களுக்கு ஆன செலவு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். முதல் பயணம் இருக்கன்குடி, அடுத்தது குற்றாலம். குற்றாலம் போகும்போது விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பேத்திக்கு எட்டு வயது. பாதித் தூக்கத்தில் வந்து, யார் கையையும் பிடிக்காமல் தானாக ஏறி, தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். எனக்கு மட்டும் ராஜபாளையம் தாண்டும் வரை பேச்சு வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தோம். காப்பி குடித்த பிறகுதான் சரியானேன்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவனிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். முதல் பத்தியை அவனே வாசித்தான், நேரம் எடுத்தது. மீதியை நான் வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர். மககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

அடுத்த மாதம் கன்னியாகுமரி போகிறோம். அவனையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.