முதுகுக்கு எத்தனை மார்க்?

அரிசி மூட்டையைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். கௌரவமாக இருக்கும். எனக்குப் பிடித்துக்கொண்டது, ஆபீஸில் கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தபோது!

குனிந்தேன். மூடியைப் பார்த்தேன். மூடி என்னைப் பார்த்தது. அதற்குமேல் இருவராலும் நகர முடியவில்லை.

"என்னய்யா, லீவுக்காகக் காலில் விழறியா?" என்றார் சூப்பிரண்டெண்ட். நான் பதில் சொல்லாததை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துத்தான் விஷயம் புரிந்து, ரெண்டு பேர் என்னை அப்படியே மடக்குக் கத்தி மாதிரி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

எங்கள் ஊர் தேவாலா. நீலகிரி என்றதும் ஊட்டி, ரோஜாப்பூ, குதிரைச் சவாரி என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவில், தேயிலைக்கும் மழைக்கும் வாக்கப்பட்டவர்கள். 1880 வாக்கில் இங்கே தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்து, மலையைக் குடைந்து பார்த்துவிட்டு, ரெண்டு மூணு வருஷத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆக, முதுகொடிய உழைத்துக் கையில் ஒன்றும் நிற்காதது எங்கள் ஊருக்கு நூற்றிநாற்பது வருஷப் பழக்கம்.

ஜூலை மாத மழை. நாலு நாள் அசையாமல் படுத்திருந்தேன். வைத்தியம் மட்டும் வீடு தேடி வந்தது. பக்கத்து வீட்டுச் சேட்டன், நாடுகாணி தாண்டிக் கேரளாவிலிருந்து தைலம் கொண்டுவந்தார். ஆபீஸ் நண்பன் தன் மச்சினனின் இடுப்பு பெல்ட்டைக் கொடுத்தனுப்பினான். இன்னொருத்தன் போனில், "கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்துடு மாப்ளே. எனக்கு டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டிருந்தான்" என்றான், ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினம் மூணு வேளை வெந்நீர் வைத்து, துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். "அசையாதே தம்பி" என்பதோடு சரி.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் வந்தாள். 2021-ல் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வந்தவளை அம்மா வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"பாப்பா, எம் மவனையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்."

உள்ளே வந்தவள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "காலில் மரத்துப் போகுதா? காலில் பலம் குறைஞ்சிருக்கா? யூரின், மோஷன் கட்டுப்பாட்டில் இருக்கா? ஜுரம் உண்டா? எங்கேயாவது விழுந்தீங்களா?"

"இல்லை. பேனா மூடிதான் விழுந்தது."

அவள் சிரிக்கவில்லை. "இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டர்கிட்டே போகணும், சார். இல்லைன்னா எழுந்திரிங்க."

"எழுந்திரிக்கிறதா? ரெஸ்ட்..."

"ரெஸ்ட்தான் உங்க வியாதியே!"

1995-ல் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்களாம். எல்லோரும் நம்மை மாதிரித் திடீர் முதுகுவலிக்காரர்கள். ஒரு கோஷ்டிக்கு ரெண்டு நாள் படுக்கை. இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது கோஷ்டியிடம், 'வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது கோஷ்டி. படுத்தவர்கள்தான் கடைசி.

"அப்ப ஸ்கேன்?" என்றேன், நண்பனின் பதக்கத்தை நினைத்து.

1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்தார்களாம். பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம்! அவர்கள் பாட்டுக்கு ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். படத்தில் தெரிவது வேறு, வலிப்பது வேறு. பெல்ட்டையும் அவள் விடவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு வழக்கமாகப் பெல்ட் மாட்டுவது வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாம். மச்சினனின் பெல்ட் அன்றே பார்சல்.

பிறகு பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தாள். எனக்குச் சட்டை தைக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். இடுப்பின் பின்பக்கம் ரெண்டு குழி இருக்கிறதே, அந்த மட்டத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே ஒன்று. 5 சென்டிமீட்டர் கீழே ஒன்று. ஆக மொத்தம் 15.

"இப்போ முழங்கால் மடக்காமல் குனியுங்க."

ஷோபர் என்ற ஜெர்மன் டாக்டர் 1937-ல் கண்டுபிடித்த பரீட்சை. கீழே உள்ள அந்த 5 சென்டிமீட்டரை மெக்ரே, ரைட் என்ற இருவர் 1969-ல் சேர்த்தார்கள். குனியும்போது முதுகெலும்பு விரிந்து, தோல் இழுபட்டு, 15 என்பது 20-க்கு மேல் போகவேண்டும். எனக்கு 18. விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே 32 சென்டிமீட்டர்.

"ஃபெயில்!" என்றேன்.

வாசற்படியில் நின்ற அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். "என்னா தம்பி, இந்த வயசுல தரை எட்டலையா?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே சேலையை இடுக்கிக்கொண்டு குனிந்து காட்டினாள். விரல் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது.

அம்மாவுக்கு அறுபத்தொன்று. இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்து, 1964-ல் போட்ட சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பாவாடை சட்டையோடு தாய்நாடு 'திரும்பியவள்'. (அதற்கு முன் அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை!) இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். சரிவில், சேற்றில், அட்டைக்கடியில், முதுகில் பதினைந்து இருபது கிலோ கொழுந்தோடு ஏறி இறங்கியவள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அம்மாவையும் டேப்பால் அளந்தாள். 20.5. ஃபர்ஸ்ட் கிளாஸ்!

ஆனால் அளந்தவள், அம்மா நிமிர்ந்த விதத்தைக் கவனித்துவிட்டாள். தொடையில் கையை ஊன்றி, படிப்படியாக.

"அம்மா, ஒரு கேள்வித்தாள் இருக்கு. ரெண்டு பேருக்குமே கேட்கறேன்" என்றாள்.

1983-ல் ரோலண்ட், மாரிஸ் என்ற ரெண்டு பேர் இங்கிலாந்தில் தயாரித்தது. 136 கேள்விகள் கொண்ட ஒரு பெரிய அமெரிக்கக் கேள்வித்தாளிலிருந்து 24 மட்டும் பொறுக்கி, முதுகுக்குப் பொருந்துகிற மாதிரி செய்தார்கள். ஆமாம் என்றால் ஒரு மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் அதிகம் வாங்கினால்தான் ஆபத்து. எவ்வளவு வலிக்கிறது என்று இது கேட்பதில்லை. வலியால் எதையெல்லாம் விட்டுவிட்டாய் என்று கேட்கிறது.

நான் 9 வாங்கினேன். அம்மாவின் முறை.

"சாக்ஸ் மாட்டறப்போ கஷ்டமா இருக்கா?"

"தோட்டத்த விட்டப்புறம் சாக்ஸு எதுக்கு பாப்பா?"

"சரி, செருப்பு வார் மாட்டறப்போ?"

"அதுக்குத்தான் வார் இல்லாத செருப்பு."

"ரொம்ப நேரம் நிக்க முடியுதா?"

"ரேஷன் கடையில பையை வரிசையில வச்சுட்டு ஓரமா ஒக்காந்துக்குவேன்."

"ராத்திரி புரண்டு படுக்க முடியுதா? தூக்கம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"படுத்தாத்தானே புரளணும். செவத்துல சாஞ்சாப்பல ஒக்காந்துக்குவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. இருமினால் கேட்கும். ரெண்டு வருஷமாக அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறாள். நான் பேனா மூடிக்காக நாலு நாள் படுத்து, மூணு வேளை ஒத்தடம் வாங்கியிருக்கிறேன். அந்த வெந்நீர்ப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியது யார் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா சொல்லலை?"

"நீ காலையில ஆபீஸ் போகணும்ல?"

மொத்தம் 17.

"டேப் பொய் சொல்லுதா?" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"இல்லை சார். அது முதுகு எவ்வளவு வளையுதுன்னு மட்டும்தான் சொல்லும். அம்மா வாழ்நாள் பூரா குனிஞ்சவங்க, வளையும். நிறையப் பேருக்கு இந்த ரெண்டு நம்பரும் ஒத்தே போகாது. அதனால்தான் ரெண்டையும் அளக்கணும்."

இன்னொன்றும் அளந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரவேண்டும். 1991-ல் வந்த பரீட்சை. எங்கள் வீட்டில் 3 மீட்டர் நேராகக் கிடைப்பது வாசற்படியிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும்தான். அம்மாவுக்கு 16 விநாடி ஆயிற்று.

"உங்களுக்கு என்ன செய்ய முடிஞ்சா நல்லாயிருக்கும்மா?"

யாரும் அம்மாவிடம் கேட்டிராத கேள்வி. ரொம்ப நேரம் யோசித்தாள்.

"கோத்தகிரியில எந் தங்கச்சி இருக்கா. பஸ்ஸுல போய்ப் பாக்கணும்."

ரெண்டு வருஷமாகச் சித்தி கூப்பிடும்போதெல்லாம் அம்மா, "இங்க ஒரே மழையா இருக்கு, விடட்டும்" என்பாள். தேவாலாவில் மழை என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஜனவரியில்கூட அப்படிச் சொன்னாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

முதலில் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினோம். வேறு வில்லங்கம் இல்லை என்றார். பிறகு பயிற்சி ஆரம்பம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுவது, தினமும் நடை. முதல் வாரம் கடைத்தெரு வரை. அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட. மழைக்காகக் குடை ஒன்று. நான் கூடவே போனேன். எனக்கு வலி ரெண்டு வாரத்தில் போய்விட்டது என்றாலும் போனேன். முப்பது வருஷம் மேடு ஏறியவளுக்குப் பின்னால் நான்தான் மூச்சு வாங்கினேன்.

2020-ல் உலகத்தில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் 'ஒரே மழை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

மூணு மாசம் கழித்து அந்தப் பெண் மறுபடி டேப்போடும் கேள்வித்தாளோடும் வந்தாள். டேப்பில் அதே 20.5, நூல் மாறவில்லை. சிலிண்டர் வரை நடை 11 விநாடி. கேள்வித்தாளில் 11 மார்க்.

"முப்பது சதவிகிதம் குறைஞ்சாலே நிஜமான முன்னேற்றம்னு கணக்கு. அம்மா அதையும் தாண்டிட்டாங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் மார்க் குறைந்ததற்காகக் கேசரி கிண்டியது அதுதான் முதல் தடவை.

போன மாசம் அம்மா கோத்தகிரி போனாள். கூடலூரில் பஸ் மாறி, ஊட்டியில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்து காலை நீட்டி மடக்கி, மறுபடி பஸ். சாயங்காலம் போன் செய்தாள்.

"சேந்துட்டேன் தம்பி."

"முதுகு எப்படிம்மா?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள். நான் கேட்காமலே சொன்ன முதல் வலி. "அங்க மழையா?"

"இல்லைம்மா. நல்ல வெயில்."