எழுத்துக்கு வாய்த்த குரல்

பார்வையற்ற ஒருவருக்கு மடல் வந்தால், அதை முதலில் படிப்பவர் வேறொருவராகவே இருந்தார். வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவ அறிக்கை, நண்பரின் அந்தரங்கச் செய்தி என எதுவும் அவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. லூயி பிரெயில் அமைத்த புள்ளியெழுத்து விரல் நுனிக்குப் படிப்பைத் தந்தது; ஆயினும் அஞ்சலில் வரும் மடல்கள் புள்ளியெழுத்தில் வருவதில்லையே!

1976ஆம் ஆண்டு அமெரிக்கரான ரே கர்ஸ்வைல், அச்செழுத்தை உணர்ந்து ஒலியாக்கும் பொறியை வெளியிட்டார். அதன் அளவும் விலையும் வீடுகளுக்கு எட்டாதவை. 1997இல் ஐபிஎம் நிறுவனம் இணையப் பக்கங்களைப் படித்துக்காட்டும் மென்பொருளை வெளியிட்டது. அதனை உருவாக்கிய ஜப்பானியரான சியேகோ அசகாவா பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். ஆஸ்திரேலியரான மைக்கேல் கரனும் பார்வையற்றவரே. அவர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைபடிப்பான் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. பிறர் செய்து தருவர் என இவ்விருவரும் காத்திருக்கவில்லை.

தொடுதிரைத் திறன்பேசிகள் வந்தபோது ஓர் அச்சம் எழுந்தது. விசைகளின் மேடுபள்ளம் மறைந்த கண்ணாடிப் பரப்பில் விரல் எதைத் தேடும்? விரல் படும் இடத்தின் பெயரைக் குரல் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும் என்னும் எளிய ஏற்பாட்டினால் அச்சிக்கல் தீர்ந்தது. 2020 சனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட 'மணி' செயலி, ரூபாய்த் தாளின் மதிப்பை இணையமின்றியே சொல்கிறது. கடைக்காரர் தந்த மீதியைச் சரிபார்க்க இனிப் பிறர் கண் வேண்டியதில்லை.

தமிழுக்கு வரும்போது தடை வேறிடத்தில் நிற்கிறது. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட 'அம்மா' என்னும் சொல், திரையில் தமிழாகவே தோன்றும். கணினியின் நினைவிலோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசை. திரைபடிப்பான் அதைத்தான் படிக்கும். கேட்பவருக்கு அம்மா கிடைக்கமாட்டாள். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்களை ஒருங்குறி 1991இலேயே ஒதுக்கிவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்று ஆணையிட்டது. எனினும் பழைய எழுத்துருக்கள் அச்சகங்களை விட்டு முற்றிலும் அகலவில்லை.

படத்திலுள்ள எழுத்தையும் உணர்ந்து படிக்கும் செயற்கை நுண்ணறிவு இன்று வளர்ந்துவருகிறது. அதன் பிழைதான் கவலைக்குரியது. மருந்துச் சீட்டில் 5 என்பதை அது 50 எனப் படித்தால், கேட்பவர் எதைக்கொண்டு ஒப்பிடுவார்? நிறுத்தமின்றித் தெளிவாக ஒலிக்கும் குரலில் ஐயத்தின் தடுமாற்றம் தெரிவதுமில்லை.

பல நேரங்களில் இந்த உழைப்பே வேண்டாதது. அலுவலகத்தில் ஒருவர் சுற்றறிக்கையை ஒருங்குறியில் தட்டச்சு செய்கிறார். அச்சிட்டு, ஒப்பம் பெற்று, ஒளிப்படமாக்கி அனுப்புகிறார். அதைப் பெற்றவரின் திறன்பேசி 'படம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. எழுத்தாக இருந்த கோப்பு, அனுப்பியவரின் கணினியிலேயே கிடக்கிறது.